உள்ளே பத்திரமாக இருக்கிறது

கல்லூரிக்கு ஒரு டிஜே கருவி வந்து இறங்கியது. பழைய மாணவர்கள் கூடிப் பேசி, தங்கள் காலத்தில் கிடைக்காதது இவர்களுக்காவது கிடைக்கட்டும் என்று அன்பளிப்பாக அனுப்பியது. பிரிக்காத அட்டைப்பெட்டியின் மேல் இருந்த படத்தின்படி, இரண்டு பக்கமும் சுற்றுகிற தட்டு, நடுவில் திருகுகிற குமிழ்கள், தட்டினால் தாளம் போடுகிற பொத்தான்கள். மொத்தத்தில் ஒரு நடுத்தர சூட்கேஸை மல்லாக்கப் போட்ட அளவு. அது வந்த அன்று இசை மன்றச் செயலாளர் குக்கர் செய்த ஒரே தப்பு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காததுதான்.

குக்கர் என்பது அவன் பெயரல்ல. வாயாலேயே தாளம் போடுவான், நடுவில் 'உஸ்ஸ்ஸ்' என்று ஆவி விடுவான். முதல் வருடம் யாரோ வைத்த பெயர் மூன்றாம் வருடத்துக்குள் நன்றாகப் பிடித்துக்கொண்டது. இப்போது வருகைப் பதிவில் சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவனே பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறான்.

"சார், இதைத் தூக்கிட்டுப் போய்ட்டு வர ஒரு நல்ல பெட்டி இருந்தா தேவலை. பலகையில பண்ணி, உள்ள ஃபோம் வச்சு, டிஜேங்க எல்லாரும் வச்சிருப்பாங்களே, அது மாதிரி" என்றான் குக்கர்.

சொன்ன இடம் சரியில்லை. தாழ்வாரத்தில் அந்த நேரம் நின்றிருந்தவர் பொருளாதாரப் பேராசிரியர். கல்லூரியில் அவரைக் கன்வீனர் என்றால்தான் தெரியும். அவர் காதுக்குள் எந்த வாக்கியம் போனாலும் வெளியே வரும்போது ஒரு குழுவாகத்தான் வரும். குடிநீர்க் குழாய் ஒழுகுகிறது என்று யாரோ சொல்லப்போக, நீர்க்கசிவு ஆய்வுக் குழு பிறந்தது. குழு இன்னும் நல்லபடியாக இருக்கிறது. குழாயும் இன்னும் ஒழுகுகிறது.

"பெட்டியா?" என்றார் கன்வீனர். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "தம்பி, நீ எவ்வளவு பெரிய விஷயத்தைத் தொட்டிருக்கேன்னு உனக்கே தெரியாது."

உண்மைதான். அவனுக்குத் தெரியவில்லை.

கருவிப் பாதுகாப்புக் குழு அந்த வாரமே கூடியது. கன்வீனர், இயற்பியல் துறைத் தலைவர், நூலகர் மேடம், பி.டி. மாஸ்டர். சிறப்பு அழைப்பாளராகக் குக்கர். சிறப்பு அழைப்பாளர் என்றால் நாற்காலி இழுத்துப் போடுகிறவர் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டான்.

கருவிக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்பது முதல் பொருள். தூசி என்றார் ஒருவர். தண்ணீர் என்றார் ஒருவர். பி.டி. மாஸ்டர் யோசித்துவிட்டு, "மாணவர்கள்" என்றார். எல்லோரும் மரியாதையோடு தலையாட்டினார்கள்.

நூலகர் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் அனுபவத்துல சொல்றேன். ஒரு புத்தகம் ஏன் கிழியுது? படிக்கிறதாலதான் கிழியுது. படிக்காத புத்தகம் எங்க நூலகத்துல ஒண்ணுகூடக் கிழிஞ்சதில்ல. புதுசு மாதிரியே இருக்கு. என் பெருமையே அதுதான்."

"அப்படின்னா முக்கிய ஆபத்து?"

"உபயோகம்" என்றார் மேடம்.

குழு அதை ஒருமனதாக ஏற்றது. குக்கர் கையைத் தூக்கினான். "மேடம், உபயோகிக்கத்தானே வாங்கினது?" என்றான். "வாங்கலப்பா, வந்தது" என்று திருத்தினார் கன்வீனர். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

அடுத்தது பெட்டி செய்கிறவரைப் பார்க்கப் போனார்கள். குழு முழுவதும் கல்லூரி வேனில் போனது. கடை முழுக்கப் பலகைத் தூள். மூலை மூலையாக அலுமினிய விளிம்புகள், பெட்டி மூலையில் மாட்டுகிற இரும்பு உருண்டைகள், பட்டாம்பூச்சி மாதிரி விரித்துத் திருகுகிற பூட்டுகள். பெட்டிக்காரர் காதில் பென்சிலோடு வந்தார். எதற்கும் அதிர்ச்சி ஆகாத முகம்.

"கருவியைக் கொண்டாந்திருக்கீங்களா? அளவெடுக்கணும்."

"கொண்டு வர முடியாது. அது அட்டைப்பெட்டிக்குள்ள சீல் போட்டு இருக்கு" என்றார் கன்வீனர்.

"பிரிச்சுக் கொண்டாங்க."

"சரக்கு சரிபார்ப்பு ஆகாம பிரிக்கக் கூடாது. சரிபார்க்கிறவர் அடுத்த கல்வியாண்டுலதான் வருவார். அட்டைப்பெட்டியோட அளவைத் தரோம். அதுக்குப் பண்ணுங்க."

குக்கர் குறுக்கிட்டான். "சார், அட்டைப்பெட்டிக்குள்ள தெர்மாகோல் இருக்கும், பாதிக்கு மேல காத்துதான் இருக்கும். நாம காத்துக்குப் பெட்டி பண்ற மாதிரி ஆயிடும்."

"அட்டைப்பெட்டியும் கல்லூரிச் சொத்துதான் தம்பி. அதுக்கு மட்டும் பாதுகாப்பு வேணாமா? நீ பாரபட்சம் பாக்குற."

பெட்டிக்காரர் குறித்துக்கொண்டார். "சரி. பின்னாடி வயர் போக வர ஒரு வழி விடணுமே, எவ்வளவு விடட்டும்?"

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இயற்பியல் துறைத் தலைவர் மெல்லக் கேட்டார்: "பாதுகாப்புப் பெட்டியில ஓட்டையா?"

"எல்லாப் பெட்டியிலும் உண்டு சார். வயர் போகாம எப்படிங்க பாட்டு வரும்?"

"நீங்க பாட்டைப் பத்திப் பேசுறீங்க. நாங்க பெட்டியைப் பத்திப் பேசுறோம்" என்றார் கன்வீனர்.

பெட்டிக்காரர் அதற்கு மேல் வாதாடவில்லை. ஓட்டை இல்லாவிட்டால் அவருக்கு வேலை மிச்சம். "ஃபோம் எவ்வளவு தடிமன் வைக்கட்டும்?" என்றார். மூன்று விரல் என்றான் குக்கர். ஒரு முழம் என்றது குழு. "நீச்சல் குளம் வேணும்னாலும் உள்ள வச்சுத் தரேன். எனக்கென்ன?" என்று காதில் பென்சிலைச் செருகிக்கொண்டார் பெட்டிக்காரர்.

வீட்டில் நிலைமை வேறு. குக்கரின் அப்பா அவருடைய அண்ணனின் குழாய்க் கடையில் வேலை பார்க்கிறவர். பெரியப்பாவுக்கு ஆள் தேவை. படிப்பு முடிந்ததும் குக்கரை அனுப்புவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். குக்கருக்குக் குழாயைப் பற்றி எந்தக் கெட்ட அபிப்பிராயமும் இல்லை. ஆனால் குழாயைக் கையில் கொடுத்தால் அவன் முதலில் தட்டித்தான் பார்ப்பான்.

கருவி சீலுக்குள் இருந்ததால் பழக வழியில்லை. அட்டைப்பெட்டிமேல் இருந்த படத்தைப் பார்த்து ஒரு பெரிய சார்ட் தாளில் தட்டு, குமிழ், பொத்தான் எல்லாவற்றையும் சரியான அளவில் வரைந்து சாப்பாட்டு மேசையில் ஒட்டினான். கண்ணை மூடிக்கொண்டு தாளின் மேல் விரல்களை ஓட்டினான். இடது கை சுழற்றும், வலது கை வெட்டும், வாய் 'உஸ்ஸ்ஸ்' என்னும்.

"அம்மா, இங்க வா. உன் பையன் பேப்பருக்கு மசாஜ் பண்றான்" என்றாள் அக்கா.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, டாக்டர்கிட்டக் காட்டலாமா?"

"காட்டினா அவரும் பயந்துடுவாரும்மா."

அப்பா சட்டையைக் கழற்றியபடியே வந்து அந்த மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் குக்கருக்குப் பயமாக இருந்தது.

"டேய், நான் உன் பாட்டுக்கு எதிரி இல்ல. ஆனா நீ டிஜே டிஜேன்னு சொல்ல ஆரம்பிச்சதுலேர்ந்து எங்க காதுல ஒரு சத்தமும் விழல. தாளைத்தான் தடவுற. கல்லூரி விழாவுக்கு நான் வரேன். நீ போடுற சத்தத்துக்குக் கூட்டம் எழுந்து ஆடுச்சுன்னா, அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன், நீ உன் வழியில போ. ஆடலேன்னா திங்கக்கிழமை காலையில கடை. அப்புறம் முகத்தைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"உக்காந்தபடியே தலையை மட்டும் ஆட்டினா?" என்றான் குக்கர்.

"அரை நாள் கடை" என்றாள் அக்கா.

பெட்டி வந்தது. லாரியில் வந்தது. இறக்குவதற்குக் கபடி அணியைக் கூப்பிட்டார்கள். கறுப்புப் பலகை, வெள்ளி விளிம்பு, வெயிலில் பார்த்தால் கண் கூசியது. ஒரு குடும்பம் உள்ளே போய் வாடகைக்கு இருக்கலாம். இசை மன்ற அறையின் கதவு வழியே நுழையவில்லை. கதவைப் பெரிதாக்கலாமா என்று யோசித்து, கடைசியில் கருத்தரங்கக் கூடத்தில் வைத்தார்கள். கருத்தரங்குகளை மரத்தடிக்கு மாற்றினார்கள்.

சோதனை செய்யாமல் ஏற்கக் கூடாது என்றார் இயற்பியல் துறைத் தலைவர். முதல் மாடியிலிருந்து தள்ளிப் பார்ப்பது என்று முடிவானது. உள்ளே கருவியை வைத்துச் சோதிப்பது ஆபத்து என்பதால் ஒரு தர்ப்பூசணியை வைத்தார்கள். பி.டி. மாஸ்டர் 'ரெடி' சொல்ல, கபடி அணி தள்ளியது. பூமி அதிர்ந்தது. வேதியியல் ஆய்வகத்தில் ஏதோ உடைந்த சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால் தர்ப்பூசணி, இப்போதுதான் பறித்தது போல உட்கார்ந்திருந்தது. குழு கைதட்டியது. பெட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கீழே முற்றத்துத் தரையில் குழி விழுந்துவிட்டது.

"இதுலேர்ந்து என்ன தெரியுது?" என்று தர்ப்பூசணியைக் கடித்தபடியே கேட்டார் கன்வீனர்.

"பெட்டி நல்லா இருக்குன்னு தெரியுது சார்" என்றான் குக்கர், இதோடு விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்.

"இல்ல தம்பி. கட்டடத்துக்குப் பாதுகாப்பு இல்லேன்னு தெரியுது."

பெட்டியிடமிருந்து தரையைக் காக்க ஒரு துணைக் குழு அமைந்தது.

அதற்கப்புறம் பெட்டியைத் தொடக் கையுறை போட வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. கூடத்தில் பேசக் கூடாது, அதிர்வு ஏற்படும் என்று இன்னோர் உத்தரவு. விழா நெருங்கியது. குக்கர் கன்வீனரின் அறைக்கு நடையாய் நடந்தான்.

"சார், ஒரு மணி நேரம் கருவியை வெளியே எடுத்துக் குடுங்க சார். கை பழகணும்."

"எடுத்து?"

"வாசிச்சுப் பாக்கணும்."

"வாசிச்சு?"

"பழகணும் சார். விழாவுல வாசிக்கணும்ல?"

கன்வீனர் அவன் தோளில் கை போட்டார். கல்யாணப் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்லுகிற தோரணை. "தம்பி, அது உள்ளே எவ்வளவு பத்திரமா இருக்கு தெரியுமா? இருட்டு. அமைதி. சுத்தியும் மெத்தை. இந்தக் கல்லூரியில வேற யாருக்காவது அப்படி ஒரு இடம் இருக்கா? எனக்கு இருக்கா? அதைப் போய் எதுக்கு வெளிய இழுக்கணும்னு நெனைக்கிற? விழா அன்னைக்குப் பாத்துக்கலாம்."

விழா அன்றைக்குச் சாயங்காலம் அரங்கம் நிரம்பி வழிந்தது. குக்கரின் குடும்பம் மூன்றாம் வரிசையில். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா. அதற்குப் பக்கத்தில் அக்கா, தம்பி அவமானப்படுவதைப் படம் பிடிக்கப் போனைத் தயாராக வைத்துக்கொண்டு.

மேடையின் நடுவே பெட்டி. அதன்மேல் சிவப்பு ரிப்பன். முதல்வர் வந்து வெட்டினார். பேசினார்.

"இந்தப் பெட்டியைப் பார்க்கிறபோது எனக்கு நம் மாணவர்கள் ஞாபகம் வருகிறார்கள். இப்படித்தான் அவர்களையும் நாம் உருவாக்கி அனுப்புகிறோம். வெளியே பளபளப்பு. உள்ளே பஞ்சு. யாராலும் எதையும் உள்ளே நுழைக்க முடியாது."

ஆசிரியர்கள் கைதட்டினார்கள். பெற்றோர்கள் யோசித்தார்கள்.

அடுத்து கன்வீனர். "ஒன்று சொல்லட்டுமா? கருவி வந்த நாளிலிருந்து இன்றுவரை அதில் ஒரு கீறல் இல்லை. ஒரு தூசி இல்லை. ஒரு கைரேகை இல்லை. ஏன், இந்தக் கல்லூரியில் அதைக் கண்ணால் பார்த்தவர்கூட ஒருவர் இல்லை! வேறு எந்தக் கல்லூரியாவது மார்தட்டிச் சொல்ல முடியுமா?"

"சார்" என்றான் மேடை ஓரத்திலிருந்து குக்கர். "அடுத்தது என் நிகழ்ச்சி சார். திறக்கலாமா?"

பூட்டுகளைத் திருகினார்கள். மூடி எழுந்தது. உள்ளே ஃபோம். ஃபோமுக்குள் ஃபோம். அதற்குள் அட்டைப்பெட்டி, அதன்மேல் சீல். குக்கர் கை நீட்டினான். நூலகர் மேடம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரிபார்ப்பு ஆகலையே."

"மேடம், எல்லாரும் காத்துட்டு இருக்காங்க."

"அடுத்த கல்வியாண்டு வரைக்கும் காத்திருந்தா என்ன?"

கூட்டத்தில் விசில் பறந்தது. 'குக்கர்! குக்கர்!' என்று பின்வரிசை கத்தியது. அப்பா கட்டிய கையைப் பிரிக்கவில்லை. நிலைமை கைமீறுவதைப் பார்த்த கன்வீனர், அவர் ஆயுளுக்கும் பழகிய ஒரே காரியத்தைச் செய்தார். மேடையிலேயே நாலு நாற்காலியை இழுத்துப் போட்டு அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். நாற்காலி இழுத்துப் போட்டது, வழக்கம் போல, குக்கர்.

அவன் மேடையை விட்டு இறங்கினான். திங்கட்கிழமை காலையும் குழாய் அடுக்கும் கண்முன்னால் தெரிந்தன. மேடைக்குப் பக்கத்தில் மைக்செட்காரர் தன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, இவங்க பேசி முடிக்கிற மாதிரி தெரியல. மேல மைக் எல்லாம் ஓடிட்டு இருக்கு, நிறுத்திடவா?"

நிஜம்தான். குழு உறுப்பினர்கள் ஆளுக்கொரு மைக் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். அரங்கம் முழுக்கக் கன்வீனரின் குரல் கணீரென்று கேட்டது: "உடைஞ்சா யார் பொறுப்பு?"

குக்கர் நின்றான். தலைக்குள் அந்த வாக்கியம் இன்னொரு தடவை ஓடியது. நல்ல தாளத்தில் ஓடியது.

"நிறுத்தாதீங்கண்ணே. உங்க மேசையிலேர்ந்து என் போனுக்கு ஒரு வயர், போன்லேர்ந்து ஸ்பீக்கருக்கு ஒரு வயர் குடுங்க."

"ஏதாவது உடைஞ்சா?"

"யார் பொறுப்புன்னு மேல பேசிட்டுத்தான்ணே இருக்காங்க."

போனில் சத்தத்தை வெட்டி ஒட்டித் திரும்பத் திரும்ப ஓட விடுகிற ஓர் இலவச ஆப் இருந்தது. 'யார் பொறுப்பு' என்பதைப் பிடித்தான். 'யார் யார் யார் பொறுப்பு' என்று ஓட விட்டான். அதற்கடியில் தன் வாயாலேயே ஒரு தாளம் போட்டுச் சேர்த்தான். ஸ்பீக்கர் உறுமியது.

யார் யார் யார் பொறுப்பு. யார் யார் யார் பொறுப்பு.

மேடையில் குழு திடுக்கிட்டது. "யாருப்பா அது?" என்றார் இயற்பியல் துறைத் தலைவர். 'யாருப்பா அது' இரண்டாம் வரியாகப் போய் உட்கார்ந்தது. "என் கையெழுத்து இல்லாம எதுவும் நடக்கக் கூடாது!" என்றார் நூலகர் மேடம். அவருக்கு இயற்கையிலேயே உச்சக் குரல். 'கூடாது'வை நீட்டி மேலே தூக்கினான் குக்கர், அரங்கத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. பி.டி. மாஸ்டர் கூட்டத்தை அடக்க விசிலை எடுத்து மூன்று தடவை ஊதினார். அந்தப் பாட்டுக்கு அதுவரை குறையாக இருந்தது அதுதான்.

பின்வரிசை முதலில் எழுந்தது. அப்புறம் நடுவரிசை. நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு ஆடினார்கள். கபடி அணி கன்வீனரைப் போலவே ஒரு விரலைத் தூக்கித் தூக்கி ஆடியது. படம் பிடிக்க வந்த அக்கா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாள். அம்மா போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே தோளை அசைத்தாள்.

கன்வீனர் எழுந்து நின்றார். மேடை விளக்கில் அவர் முகம் வெளிறியிருந்தது. எதிரே ஒரு கடல் ஆடுகிறது. பணியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் பேசிய எந்தப் பேச்சுக்கும் ஒரு தலைகூட நிமிர்ந்ததில்லை. அவர் மைக்கை நெருங்கினார். நிறுத்தச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"அடுத்த... தீர்மானம்" என்றார்.

கூட்டம் ஓவென்று அலறியது.

"அடுத்த தீர்மானம்!" என்றார் உரக்க. இரண்டு கையையும் தூக்கினார். கூட்டமும் தூக்கியது. அதற்கப்புறம் அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்மானம் போட்டார். ஒன்றையே இரண்டு தடவை போட்டார். ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்து, பாதியில் தானே எதிர்த்து, தானே தோற்கடித்தார். அதற்குத்தான் கூட்டம் அதிகம் ஆடியது. பின்னால் பெட்டி திறந்தபடியே கிடந்தது. கருவி உள்ளே பத்திரமாக இருந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பாட்டு ஓய்ந்ததும் குக்கர் வயரைப் பிடுங்கினான். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நீங்களும் ஆடினீங்களாப்பா?"

"இல்ல, பக்கத்து ஆள் இடிச்சுட்டான்" என்றார் அப்பா. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். எங்கோ பார்த்துக்கொண்டே, "அண்ணன்கிட்டப் பேசிட்டேன், இப்பத்தான் போன்ல. முதல்ல அவருக்கு ஒண்ணும் காதுல விழல, ஒரே சத்தம். கூட்டம் எழுந்துடுச்சுண்ணே, பையன் வர மாட்டான்னு கத்திச் சொன்னேன்" என்றார்.

குக்கர் போனைப் பையில் போடப் போனான். அதற்குள் அவன் முழங்கையை யாரோ சுரண்டினார்கள். திரும்பினால் கன்வீனர். டையைத் தளர்த்திவிட்டு, மூச்சு வாங்கியபடி, காதோடு காதாகப் பேசினார்.

"தம்பி, கடைசியில 'ஒத்திவைக்கப்படுகிறது'ன்னு ஒண்ணு சொன்னேன் பாரு. நீ பாதியில வெட்டிட்ட. இன்னும் நல்லா இழுத்துச் சொல்லித் தரட்டுமா?"